பதறாத காரியம் சிதறாது!

முதலாம் ஆண்டில் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? லேத் 'கிர்ர்' என்று ஓடத் தொடங்கியதும் நம்மில் பாதிப் பேர் ஓரடி பின்னால் நகர்ந்தோம். மீதிப் பாதிப் பேர் பயமில்லாத மாதிரி நடித்தோம். சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போட்டால் அது எங்கே பறந்து போகும் என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னதைக் கேட்டு, ஒரு வாரம் நான் தூக்கத்தில்கூட சக் கீயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பயமெல்லாம் எனக்கு இரண்டாம் பயம்தான். முதல் பயம் ஒன்று உண்டு. அது துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கிற பயம்! "என்னடா இவன், கதை விடுகிறானே" என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடிமருந்தைப் பற்றி ஒரு கத்துக்குட்டி தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். செய்முறை சொல்லித் தருவது நோக்கம் அல்ல. ஏன் அல்ல என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தாத்தாவின் துப்பாக்கி

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில் இருக்கிறது சிலமலை. மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைக்கு மேலே ஏலத்தோட்டம். காலையில் ஜீப்பில் அடைத்துக்கொண்டு சனங்கள் போடிமெட்டு ஏறுவார்கள். கீழே அடிவாரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு மானாவாரி நிலமும் கொஞ்சம் தோட்டமும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் சமயத்தில், நிலக்கடலை பிஞ்சு இறங்கும் சமயத்தில், ராத்திரியானால் காட்டுப்பன்றி வந்துவிடும். ஒரு கூட்டம் வந்து போனால் காலையில் தோட்டம் உழுது போட்ட மாதிரி கிடக்கும். மூன்று மாதப் பாடு ஒரே ராத்திரியில் போய்விடும்.

என் தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழாயின் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய வகை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே இந்த வகைக்கு ஓர் இடம் உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுப்பதை 13-ம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. தாத்தா பன்றியைச் சுட மாட்டார். அது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. ரவை போடாமல், வெறும் மருந்தும் நாரும் கெட்டித்து, சத்தத்துக்காக ஒரு வெடி வெடிப்பார். அவ்வளவுதான். பன்றிகள் மலையேறிவிடும்.

கெட்டிக்கிற முறை பார்க்க எளிது. முதலில் அளவுக் குப்பியால் அளந்த கருமருந்து குழாய்க்குள். அதற்கு மேல் நார் அடைப்பு. நீளக் கம்பியால் அடைப்பை மருந்தோடு ஒட்ட அமுக்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக் கூடாது. கடைசியாக, சுடப் போகும்போது மட்டும், அடிப்பக்கத்து முலையில் கேப் மாட்ட வேண்டும். குதிரை வந்து கேப்பை அடித்தால் பொறி உள்ளே போய் மருந்து பற்றும். "கேப் கடைசி, கேப் கடைசி" என்று தாத்தா மந்திரம் மாதிரி சொல்வார்.

அந்த ஒரு ராத்திரி

தாத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நான் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கையில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "ஏப்பா பேராண்டி, நீ மருந்து அளந்து போடு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். லைசென்ஸ்காரர் கூடவே இருக்கும்போது, அவருடைய உபயோகத்துக்காக இன்னொருவர் துப்பாக்கியைச் சுமந்து வரச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கெட்டிப்பதும் அதில் அடங்குமா என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது எங்கள் தப்புதான்.

எனக்கோ கை நடுக்கம். மருந்து குப்பியிலிருந்து விழுகிற 'சரசர' சத்தமே அடிவயிற்றைக் கலக்கியது. இரண்டு மூன்று ராத்திரி போனது. கை நடுக்கம் குறைந்தது. எனக்குள்ளே ஒரு தெனாவட்டும் வந்தது. ஆபத்து ஆரம்பித்தது அங்கேதான் என்று இப்போது தெரிகிறது.

நாலாம் ராத்திரி. அளவுக் குப்பி என் கையில். தாத்தா வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. நண்பன். "டேய், ரிசல்ட் வந்துருச்சுடா!" அரியர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் பேசினேன். பாஸ்! போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினால், கையில் குப்பி காலியாக இருக்கிறது. குழாய் இருட்டாக இருக்கிறது.

மருந்து போட்டேனா, இல்லையா?

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவே இல்லை. போட்ட மாதிரியும் இருக்கிறது. ஆனால் அது நேற்றுப் போட்டதோ என்றும் இருக்கிறது. ஒரே வேலையை ஒரே மாதிரி நாலு நாள் செய்தால் நேற்றைய ஞாபகமும் இன்றைய ஞாபகமும் ஒன்றாகிவிடும். தாத்தாவிடம் கேட்கலாம்தான். கேட்டால், "இம்புட்டுக்கூட கவனமில்லையா, நீயெல்லாம் என்ன இன்ஜினியரிங் படிக்கிற" என்பாரே என்ற வெட்கம். குப்பியை மறுபடி நிரப்பிவிட்டேன். குழாய் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயும் விட்டேன்.

என்ன தோன்றியதோ, நிறுத்தினேன். "தாத்தா, போட்டேனா இல்லையான்னு தெரியல" என்றேன். தொண்டை அடைத்தது.

தாத்தா திட்டவில்லை. எழுந்து வந்தார். கேப் மாட்டவில்லை என்பதை முதலில் கைவிளக்கு வெளிச்சத்தில் கிட்டப் பார்த்தார். முகத்தைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று, கெட்டிக்கிற கம்பியை மெதுவாக உள்ளே இறக்கினார். அந்தக் கம்பியில் அரத்தால் கீறிய இரண்டு கோடு இருப்பதை அன்றுதான் கவனித்தேன். குழாய் காலியாக இருந்தால் கம்பி அடிவரை இறங்கி, மேல் கோடு குழாய் வாயோடு நிற்கும். மருந்து இருந்தால் கம்பி அவ்வளவு தூரம் இறங்காது, கீழ் கோடுதான் வாயோடு நிற்கும். நாம் மெட்ராலஜி லேபில் டெப்த் கேஜ் வைத்துச் செய்வதை, எட்டாம் கிளாஸ் தாண்டாத என் தாத்தா இரண்டு கீறலில் செய்து வைத்திருந்தார்!

கீழ் கோட்டில் நின்றது கம்பி. மருந்து உள்ளே இருந்தது. நான் ஊற்றியிருந்தால் இரட்டை மருந்து. எத்தனையோ வருடம் உழைத்த பழைய குழாய் அது.

"சந்தேகம் வந்தாக் கேக்குறவன்கிட்ட வேலையக் குடுக்கலாம்யா. சந்தேகமே வராதவன்கிட்டதான் குடுக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வெடியைத் தாத்தாவே வெடித்துத் துப்பாக்கியைக் காலி செய்தார். "பதட்டமான கையோட இன்னைக்கு வேணாம்" என்று உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் விடிய விடிய தகர டின்னைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முக்கியமானதைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் சிப்பாய்கள் எல்லாருமே வாய்வழியாகக் கெட்டித்தவர்கள்தான். மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். 1857-ல் அந்தக் காகிதத்தில் தடவிய கொழுப்பைப் பற்றி கல்கத்தா பக்கத்து டம்டம்மில் கிளம்பிய பேச்சு எங்கே போய் முடிந்தது என்று சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம்.

பிறகு வந்தது உலோகத் தோட்டா. அதில் நாலே பாகம். பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. பிரைமர் என்பது தாத்தாவின் கேப்புக்குத் தம்பி. தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தால் துப்பாக்கியைப் பற்ற வைக்கும் யோசனைக்கு 1807-ல் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். மழையில் நனைந்து பொறி பற்றாமல் போகும் தொல்லை அதோடு தீர்ந்தது.

மருந்திலும் இரண்டு ஜாதி உண்டு. பழையது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. சின்னப் பொறி பட்டாலே போதும், 'புஸ்' என்று போய்விடும். புதியது புகையில்லா மருந்து. 1884-ல் பிரான்சில் பால் வியேய் இதை உருவாக்கினார். 1889-ல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. நம் நீலகிரியில் அரவங்காடு தொழிற்சாலை இந்தக் கார்டைட் தயாரிக்கத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது. இன்றைக்கும் அந்த ஊரில் வெடிமருந்து வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தை மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். புகையில்லா மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் சாதாரணமாக எரியும். அடைத்து வைத்துக் கொளுத்தினால் கதையே வேறு. அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் ஏறும். எனவே கருமருந்துக்காகச் செய்த பழைய குழாயில் "மருந்துதானே, எதுவானால் என்ன" என்று புதிய மருந்தைப் போட்டால் குழாய் வெடித்துக் கை போய்விடும். இரண்டும் பார்வைக்குத் தூள்தான். குணம் வேறு. பெட்ரோல் வண்டிக்கு டீசல் போடுவது மாதிரி என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்ஜின்தான் போகும். இங்கே ஆள் போவான்.

வெளிநாட்டில் வீட்டிலேயே!

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டு மேஜையில் ஒரு கைப்பிரஸ் வைத்து, புதுப் பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். அது அங்கே சட்டப்படியான பொழுதுபோக்கு. அங்கே தோட்டாக்களின் அழுத்த அளவை நிர்ணயம் செய்ய 1926-ல் தொடங்கிய அமைப்பு ஒன்று உண்டு. அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சாமி' என்று வரும். நம்ம ஊர்ச் சாமி இல்லை. ஆனால் அந்தச் சாமியின் கட்டளையையும் மீறக் கூடாது!

அங்கே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் என்னுடைய அதே நடுக்கம் உண்டு என்று படித்தபோது எனக்கு ஒரே ஆறுதல். அவர்கள் பயப்படுவது முக்கியமாக இரண்டு தப்புகளுக்கு.

முதல் தப்பு, இரட்டை மருந்து. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குத் தேவையான மருந்து மிகக் கொஞ்சம். கூட்டில் பாதிக்கும் குறைவாகவே நிற்கும் சில மருந்துகள் உண்டு. அதனால் இரண்டு தடவை போட்டாலும் வழியாது. மேலே குண்டை வைத்து அமுக்கிவிட்டால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

இரண்டாவது அதற்கு நேர் எதிர். மருந்தே போடாமல் விடுவது. "மருந்தே இல்லையென்றால் என்ன ஆபத்து?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பிரைமர் மட்டும் வெடித்து, அந்தச் சின்னத் தள்ளலில் குண்டு குழாயின் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். 'டப்' என்று ஒரு நோஞ்சான் சத்தம்தான் கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், அடைத்த குழாயில் முழு அழுத்தம்! ஆகவே சத்தம் பெரிதாக வந்தால் மட்டுமல்ல, சின்னதாக வந்தாலும் நிறுத்த வேண்டும்.

இந்த இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான், கவனம் சிதறுவது. எனக்கு ரிசல்ட். அவர்களுக்கு டெலிவிஷன், பேச்சுத் துணை, அவசரம்.

கத்துக்குட்டிக்குச் சில விதிகள்

அவர்கள் மேஜையில் கடைப்பிடிக்கும் விதிகளைப் படித்தபோது, ஒவ்வொன்றும் நம் ஒர்க்‌ஷாப்புக்கும் லேபுக்கும் பொருந்துவதைக் கண்டேன்.

1. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. இரண்டு இருந்தால் என்றாவது ஒருநாள் மாறும்.

2. மருந்து அதற்குரிய டப்பாவிலேயே இருக்க வேண்டும். பெயர் தெரியாத மருந்தை மோந்து பார்த்து, நிறம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தெரியாதது குப்பைதான்.

3. அளவை அச்சடித்த கையேட்டிலிருந்து மட்டுமே எடுப்பது. "எங்க மாமா இவ்வளவு போடுவார்" என்பது கணக்கில் சேராது. தராசை ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே நிறுப்பது.

4. எல்லாக் கூட்டிலும் மருந்து போட்ட பிறகு, குண்டு வைப்பதற்கு முன், தட்டை விளக்கில் பிடித்து வரிசையாக உள்ளே பார்ப்பது. ஒன்று மட்டும் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்ணில் படும். தாத்தாவின் இரண்டு கோட்டுக்கு இது அண்ணன்.

5. நடுவில் எழுந்து போக நேர்ந்தால், கையிலிருக்கும் வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. நினைவை நம்பக் கூடாது.

6. பீடி, சிகரெட், அடுப்பு, பொறி பறக்கும் எதுவும் அந்த அறையிலேயே கிடையாது. கண்ணாடி கட்டாயம். குண்டில் ஈயம் இருப்பதால், கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது.

7. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழாயைப் பத்திரமான திசையிலேயே பிடித்தபடி காத்திருக்க வேண்டும். உள்ளே மருந்து கனன்று, தாமதமாக வெடிக்கலாம். கிணற்று வெட்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெடிக்காத குழியை எட்டிப் பார்க்கப் போய்த் திரும்பாதவர்கள் கதை சொல்வார்கள்.

8. உடம்பு சரியில்லை, தூக்கம் வருகிறது, மனசு சரியில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

நம் நாட்டில் என்ன நிலை?

"சரிப்பா, இவ்வளவும் தெரிந்துகொண்டாயே, நீயே செய்து பார்க்கலாமே" என்று என் அறை நண்பன் கேட்டான். அதற்குப் பதில், கூடவே கூடாது!

நம் நாட்டில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் அல்ல. அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட ஆயுதச் சட்டத்தின் 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள் வந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது குற்றம். கருமருந்து தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர்கள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. குடகில் மட்டும் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்ஸ் விஷயத்தில் பழைய காலத்து விலக்கு ஒன்று உண்டு. 2019-ல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். ஆயுதத்துக்கு மரியாதை கொடுக்கும் பழக்கம் அது. நம் ஆயுத பூஜையில் லேத்துக்குச் சந்தனம் வைப்பது மாதிரிதான்.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அனுபவசாலிகள் நிறைந்த சிவகாசிப் பக்கமே வருடா வருடம் உயிர்ப்பலி நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடிப்போய் உதவ நினைத்தவர்களும் அதில் உண்டு. மருந்தோடே வளர்ந்த ஊருக்கே இந்தக் கதி என்றால், இரண்டு பக்கம் படித்துவிட்டு வீட்டு மாடியில் முயற்சி செய்பவன் கதி என்ன?

இன்னொன்று, அவுட்டுக்காய். பன்றிக்கு என்று தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி. துப்பாக்கிக்காவது ஒரு திசை உண்டு, பிடித்திருப்பவன் கண் உண்டு. அவுட்டுக்காய்க்கு இரண்டும் கிடையாது. பன்றி கடித்தாலும் வெடிக்கும், மாடு கடித்தாலும் வெடிக்கும், பிள்ளைகள் எடுத்து விளையாடினாலும் வெடிக்கும். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று இப்படித் தீனிக்குள் இருந்த வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே செத்தது. அதைப் படித்துக் கண் கலங்காதவர் யார்? பன்றித் தொல்லை உண்மைதான். அதற்கு வழி கேட்டு விவசாயிகள் போராடியதால்தான், காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு முடிவெடுத்தது. அதுவும் வனத்துறையினர் மட்டும்தான். அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு அது பெரிதாக உதவாது என்பது வேறு விஷயம். எங்களுக்கு இன்றைக்கும் தகர டின்தான்.

பயம் நல்லது, பதற்றம் கெட்டது

தாத்தா இப்போது இல்லை. அவர் போன பிறகு அப்பா துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். கம்பியும் கூடவே போய்விட்டது. "அந்தக் கம்பிய மட்டும் வச்சுக்கலாமேப்பா" என்றேன். "அதுவும் துப்பாக்கியோட சேந்ததுதான், குடுத்துரணும்" என்றார் அப்பா. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் ஒருவர் பாய்லர் முன்னால் நிற்கலாம். ஒருவர் ஹை டென்ஷன் லைனில் ஏறலாம். ஒருவர் குவாரியில் வேலை பார்க்கலாம். முதல் நாள் கை நடுங்கும். நடுங்கட்டும், தப்பில்லை. அந்தப் பயம் நம் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பெரியவர் மாதிரி. என் கையில் இரட்டை மருந்து போக இருந்தது நடுங்கிய முதல் நாளில் அல்ல, நடுக்கம் நின்ற நாலாம் நாளில்தான். சந்தேகம் வந்த பிறகும் கேட்க வெட்கப்பட்ட அந்த அரை நிமிடம்தான் இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

லைனை ஆஃப் செய்தேனா, வால்வை மூடினேனா, சக் கீயை எடுத்தேனா? தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நினைவை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். திட்டு வாங்கினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். கை போனால் திரும்ப முளைக்காது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். எங்கள் தோட்டத்து வரப்பில் நான் அதை நேரில் கண்டேன்.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், சிலமலை